பின்வரிசையில் எட்செல்

ஏப்ரல் 14, 2018 – சனி

மூன்று பட்டமளிப்பு பேனர், ஒரு ஞானஸ்நானம். நடுவே ஒரு கப்பல்காரர் வீட்டு ஒட்டு வேலை. மனைவியும் மூன்று பிள்ளைகளும் நம் போட்டோ கடையிலேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். புருஷன் எங்கோ எண்ணெய்க் கப்பலில். போனில் வந்த அவர் படத்தைக் காட்டி, "இவரையும் சேர்த்துருங்க மனாங் நெனிங்" என்றாள். மனாங் என்றால் அக்கா, ஊருக்கே நான் அப்படித்தான்.

பிலிப்பைன்ஸிலேயே கப்பல்காரர்கள் நிறைந்த இந்த இலோய்லோவில் இது எனக்குத் தினசரி வேலை. போன் படம் எப்போதும் மோசமாகத்தான் இருக்கும். அதனால் ஆளைப் பின்வரிசையில் நிறுத்திவிடுவேன். பிறகு முன்னாலிருந்து பின்னாலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக மங்க வைப்பேன். சோபாவின் கைப்பிடி லேசாக, திரைச்சீலை இன்னும் கொஞ்சம், அதோடு சேர்ந்து அவரும். பார்க்கிறவர்கள் கேமராவின் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் அந்த அறையிலேயே இல்லை என்பது யாருக்கும் தோன்றாது.

என் புருஷன் எட்செல் வியாழக்கிழமை கப்பலிலிருந்து வருகிறான். இந்த முறை பதினொரு மாதம்.

ஏப்ரல் 19

வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். விமான நிலையத்தில் எங்கள் மகள் ரியா மே அப்பாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. பத்தொன்பது வயதுப் பெண் என்று பெயர்.

ஏப்ரல் 22 – ஞாயிறு

காலையில் காபியோடு கூடத்துச் சுவர் முன்னால் நின்றான். நம் குடும்பப் படங்கள் ஏழு. ஏழிலும் அவன் இருக்கிறான். உண்மையில் அவன் ஊரில் இருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், ரியாவின் ஞானஸ்நானத்துக்கு. மற்ற ஆறும் என் கைவேலை.

"நெனிங், நான் மட்டும் ஏன் நீராவிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கேன்?"

"இன்ஜின் ரூம்லேருந்து நேரா வந்துட்டீங்கப்பா" என்றாள் ரியா.

"நீ அனுப்பின படமெல்லாம் அப்படி. மங்கினதைத் தெளிவாக்க வழியில்ல. தெளிவா இருக்கிறத மங்க வைக்கத்தான் முடியும்" என்றேன்.

சிரித்தான். ஆனால் காபி ஆறுகிறவரை அங்கேயே நின்றான். எனக்கு என்னவோ போல் இருந்தது.

மே 8

கப்பல் ஏஜென்சியிலிருந்து எட்செலுக்குப் போன். ஜூலையில் ஒரு சரக்குக் கப்பல், இரண்டாம் இன்ஜினியர் வேலை. ஜூன் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டான். போகாமல் இரு என்று நான் கேட்கவில்லை. இருபது வருடமாகக் கேட்டதில்லை. கேட்டுவிட்டு அனுப்பினால் நடுக்கடலில் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். அதுதான் எனக்குப் பயம்.

இன்று கடைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மங்க வைப்பதைச் சொல்லிக்கொடு என்றான். ஸ்பானர் பிடிக்கிற மாதிரி மௌஸைப் பிடிக்கிறான். படத்துக்கு மேலே அதே படத்தை மங்கலாக்கி இன்னொரு லேயர் போட வேண்டும். அந்த லேயருக்கு ஒரு மாஸ்க். மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடத்தில் மங்கல் தெரியும், கருப்பு இருக்கும் இடத்தில் அடியில் உள்ள தெளிவான படம் தெரியும். நடுவில் சாம்பல் நிறம். மௌஸை எங்கே ஆரம்பித்து எங்கே விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, இழுக்கத் தொடங்கும் இடம் வெள்ளை, விடும் இடம் கருப்பு என்று இரண்டு தடவை சொன்னேன்.

"வால்வு மாதிரிதான்" என்றான். எல்லாமே அவனுக்கு வால்வு மாதிரிதான்.

மே 30

இப்போதெல்லாம் என்னைவிட முன்னால் எழுந்து கடையைத் திறக்கிறான். பிடித்திருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை.

ஜூன் 9 – சனி

ரியாவின் கல்லூரிச் சேர்க்கைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் எட்செல் வாசலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எங்கள் பேட்டைத் தலைவர் கபிதான் தெமெத்ரியோவின் அறுபதாம் பிறந்தநாள் பேனரை, எட்டடிக்கு நாலடி, தானே செய்து, தானே அச்சடித்து, சுருட்டிக் கொடுத்தும் அனுப்பிவிட்டானாம்.

"நல்லா வந்துச்சா?"

"நாளைக்கு நீயே வந்து பாரு."

ஜூன் 10

பார்த்தேன்.

கபிதான் சுட்ட முழுப் பன்றிக்குப் பின்னால் கையை விரித்து நிற்கிற படம். பன்றி அவ்வளவு தெளிவு. மொறுமொறுத்த தோலில் ஒவ்வொரு வெடிப்பும், காதின் ஓரம் கருகியிருந்ததும், வாயில் வைத்த ஆப்பிளின் காம்பும்கூடத் தெரிந்தன. கபிதான்தான் தெரியவில்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புப் பூசல், அதற்குக் கீழே நீலச் சட்டை. மேலே பெரிய எழுத்தில் "எங்கள் அன்புத் தலைவருக்கு" என்று இருந்தது. கட்டி முடித்த பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்களாம். ரியா அடக்க முடியாமல் பந்தலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முகத்திலிருந்து இழுக்க ஆரம்பித்திருக்கிறான். "முக்கியமான இடத்துலேருந்துதான ஆரம்பிக்கணும்? இன்ஜின்ல முதல்ல அங்கதான் எண்ணெய் விடுவோம்" என்கிறான். திரையில் தெரியவில்லையா என்றால், கண்ணாடி போடவில்லையாம். கண்ணாடி இல்லாமல் அவனுக்கு எல்லாருமே அப்படித்தான் தெரிவார்களாம்.

சிரித்திருக்க வேண்டியது. அத்தனை பேர் முன்னால் மானம் போகிறதே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில், "நீ கப்பல்லயே இருந்திருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டேன்.

அவன் நூடுல்ஸ் தட்டை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போய்விட்டான்.

ஏன் சொன்னேன்? வேறு வார்த்தையே கிடைக்கலையா எனக்கு?

ஜூன் 11

கபிதான் தானே கடைக்கு வந்தார், கையில் சுருட்டிய பேனரோடு. சண்டைதான் என்று நினைத்தேன்.

"என் மூஞ்சிய இந்தப் பேட்டைல தெரியாதவன் யாரு? வராதவனெல்லாம் பன்னி எப்படி இருந்துச்சுன்னுதான் கேக்குறான். அவனுக்கெல்லாம் இதைத்தான் காட்டுனேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பொண்டாட்டி மட்டும் ஒத்துக்கல. வேற ஒண்ணு போட்டுக் கொடு. இதை நீங்களே வச்சுக்குங்க, மழைக்கு ஆகும்" என்றார்.

புதியதை நான் போட்டுக் கொடுத்தேன். பழையதை எட்செல் கடை வாசலுக்கு மேலே கட்டினான். எங்கள் ஊரில் எந்த பேனரும் வீணாவதில்லை. நாலு முடிச்சும் கப்பல் முடிச்சு. கட்டியதும் என்னைத் தாண்டி வீட்டுக்குப் போய்விட்டான்.

ஜூன் 19

கடைப்பக்கம் வருவதில்லை. பக்கத்து வீட்டு மோட்டாரையெல்லாம் பிரித்துச் சரிசெய்துகொண்டிருக்கிறான். நான் இல்லாத நேரத்தில் கடைக்கு வந்து போவதாக ரியா சொன்னாள். எதற்கோ.

ஜூன் 26

"வெள்ளிக்கிழமை ஏஜென்சிக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்" என்றான், மீனில் முள் எடுத்துக்கொண்டே. "இங்க நான் என்னத்தப் பண்றது, நெனிங்? பன்னிய அழகா காட்டலாம், அவ்வளவுதான்."

வழக்கம்போல நான், "சரி" என்றேன்.

ஜூன் 28 – வியாழன்

கடைக் கணினியில் ஒரு கோப்பு. பெயர் "வீடு". திறந்தேன்.

2011 கிறிஸ்துமஸ் படம். நான், ரியா, என் அம்மா, பின்னால் ஒட்டவைத்த எட்செல்.  என் முகம் மங்கியிருந்தது, ரியாவுடையதும். மறுபடியும் கெடுத்துவிட்டான் என்று திட்டக்கூட வாயெடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். லேயரை அவன் கெடுக்கவில்லை. மூலையிலிருந்து இழுத்திருக்கிறான், சரியான பக்கத்திலிருந்து. அவனுக்குப் பக்கத்தில் இருக்கிற அம்மாவை அவன் அளவுக்கு மங்க வைத்து, ரியாவை அதைவிடக் குறைவாக, என்னை இன்னும் குறைவாக. என் கன்னத்தில் மாறுகிற இடத்தை மயிரிழை மயிரிழையாகத் திருத்தியிருக்கிறான். பதினெட்டு தடவை சேமித்திருக்கிறான். அவனைத் தெளிவாக்க வழியில்லை என்று சொன்னேனே, அதனால் எங்களைக் கொஞ்சம் அவன் பக்கம் கூட்டிப் போயிருக்கிறான். ஏழு வருடத்தில் முதல்முறையாக அந்தப் படத்தில் நாலு பேரும் ஒரே வெளிச்சத்தில் இருந்தோம்.

ஏன்டா இப்படிப் பண்ணுன. விட்டுட்டுப் போறதுக்கு முன்னாடி கொடுக்கிற பரிசா இது? எனக்கு வேணாம் இது.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கொல்லையில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"போகாதே" என்றேன்.

இருபத்தைந்து வருடம் இன்ஜின் சத்தத்தில் இருந்த காது. "என்ன?" என்றான். அதனால் கத்த வேண்டியதாயிற்று. இருபது வருடமாகச் சொல்லாததைத் தெருவே கேட்கச் சொன்னேன். எதிர்வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள்.

"நீதான அன்னிக்கு..."

"வாய்க்கொழுப்பு. அதை விடு. போகாதேன்னு இப்ப சொல்றேன்ல."

கையிலிருந்த எண்ணெயைக் கால்சட்டையில் துடைத்தான். "வர்றேன்னு வாக்கு கொடுத்துட்டேனே, நெனிங்" என்றான். மறுபடி மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜூன் 29

காலை ஆறு மணிக்கே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஏஜென்சிக்குப் போனான். பச்சோய் சூப் வாங்கி வந்தேன். ருசியே தெரியவில்லை.

செப்டம்பர் 3 – திங்கள்

இரண்டு மாதமாக இந்த டைரியைத் தொடவே நேரமில்லை. செப்டம்பர் பிறந்தாலே எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ்தான், பாட்டு போட ஆரம்பித்துவிட்டார்கள், இந்த வருடத்தின் முதல் கிறிஸ்துமஸ் படம் இன்று வந்தது. இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண். புருஷன் கப்பலில் சமையல்காரர். போனை நீட்டினாள்.

"படம் சுமார்தான் மனாங். பின்னாடி எங்கயாவது நிக்க வச்சிருங்க."

"பின்னாடி எதுக்கு?" என்று கணினிப் பக்கமிருந்து குரல் வந்தது. "நடுவுல நிக்கட்டும். நீங்க ரெண்டு பக்கமும் நில்லுங்க. கொஞ்சமா உங்கள மங்க வச்சுக்கிறேன்." எட்செல்தான். அன்று ஏஜென்சிக்குப் போனவன், கப்பலுக்கு வர முடியாது என்று நேரில் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். "எங்க மூஞ்சி மங்கிடுமா?"

"ரொம்ப இல்ல. அவரு தனியா தெரியக் கூடாதுல்ல, அந்த அளவுக்குத்தான். அவரு இறங்கி வந்ததும் தெளிவா ஒண்ணு எடுத்துக் கொடுக்கிறேன், காசு வேணாம்."

அந்தப் பெண் போனிலிருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு, அவர் தோள்மேல் தன் கை இருக்கிற மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாசலில் கபிதானின் முகமில்லாத பேனர் கொட்டுகிற தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்தது. எட்செல் கழுத்துக் கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மௌஸைப் படத்தின் ஓரத்தில் வைத்து, மெதுவாக இழுக்கத் தொடங்கினான்.