ஆசிரியர் என்ன சாதி என்று கேட்ட இழுப்பறை

மாணவர்களே, நூல்நிலையக் குழுவினரே! இக்கல்லூரியில் ஒரு தமிழ் நூலைத் தேடி எடுக்க, அதை எழுதியவரின் சாதி தெரிந்திருக்க வேண்டும். இதுவே என் முறையீடு. இதற்குமேல் உங்களை நோக்கி முழங்க எனக்கு வலிவில்லை. உங்கள் முன்னிலையில், மறைந்த என் நண்பரோடு பேசுகிறேன்.

நண்பரே, நூல்நிலையத்தில் நீர் பணிபுரிந்த மேசையை இன்று காலை திறந்தார்கள். கோந்தும் பழந்தாளும் கலந்த மணம் எழுந்தது. நீர் அருகில் வந்து நிற்பதுபோல் இருந்தது. இவ்விரங்கற் கூட்டத்துக்கென எழுதிய உரையை மடித்து வைத்துவிட்டேன்.

அந்த நண்பகலை நினைக்கிறேன். பரவை ஊரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் வேளாண்மை நூல் ஒன்று கேட்டார். ஆசிரியர் பெயரையும் சொன்னார். நூல்விவரச் சீட்டுகளை இழுப்பறைகளில் அடுக்கிய பெட்டியருகே இருந்த ஊழியர், "அவரு பிள்ளையா, ஐயரா, முதலியாரா?" என்றார்.

"எங்க வாத்தியாரு பேரை மட்டுந்தாண்ணே சொன்னாரு."

"அப்ப எந்த இழுப்பறையில தேடுறது? விசாரிச்சுட்டு வாங்க தம்பி."

"புத்தகந்தாண்ணே கேட்டேன், பொண்ணா கேட்டேன்?"

எல்லோரும் சிரித்தோம். நீர் சிரிக்கவில்லை. மறுநாள் தேர்வு, அவர் வெறுங்கையோடு போனார்.

ஆங்கிலேயர் பெயரின் கடைசிச் சொல் குடும்பப் பெயர். அதைக்கொண்டு சீட்டுகளை அடுக்குவது அவர்கள் வழக்கம். அவ்விதியை நம் பெயர்களுக்கும் பூட்டினார்கள். நம் பெயரின் கடைசியில் நின்றதோ சாதிப்பட்டம். அன்று மாலை வையைக் கரையில் நடக்கையில் என்னைக் குத்தினீர்: "சாதி ஒழியணும்னு ஊரூராப் போயி அம்புட்டுப் பேசுறீங்களேண்ணே, நம்ம இழுப்பறைக்குள்ள அது வசதியா உக்காந்திருக்கே, பாத்தீங்களா?"

நான் பார்த்திருக்கவில்லை.

பிறகு விடுமுறை நாளெல்லாம் எழுதினீர். ஒவ்வொரு தமிழ் நூலுக்கும் ஆசிரியரின் சொந்தப் பெயரில் ஒரு சீட்டு, நூற்பெயரில் ஒன்று, பொருளின்கீழ் ஒன்று. பெயரை மறந்து வருபவனும் 'உழவு' என்று தேடி நூலை அடைவான். குழுவோ, மேலைநாட்டு முறையை மாற்ற இயலாது என்றது. நீர் எழுதிய சீட்டுகள் கட்டுக்கட்டாய் நூற்பேழையின் மேலேறின. இருமுறை சென்று கேட்டேன். இருமுறையும் "பார்ப்போம்" என்றார்கள். நான் சோர்ந்தேன். நீரோ, "பாப்போம்னு சொன்னாங்கள்லண்ணே, பாப்பாங்க" என்று அடுத்த சீட்டை எடுத்தீர்.

நீர் போய் ஒரு திங்கள் ஆகிறது. இடம் போதவில்லையாம், நாளை அக்கட்டுகளைப் பழந்தாளோடு எடைக்குப் போடப் போகிறார்களாம்.

மேடைகள் எனக்குச் சலித்துவிட்டன, நண்பரே. இங்குப் பாடம் சொன்ன பத்தாண்டுகளும் அதே இழுப்பறையைத் திறந்து மூடியும் உள்ளிருந்ததைக் காணாத நாணம் ஒன்றுதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அதைச் சுமந்துகொண்டே இவர்களிடம் திரும்புகிறேன்.

குழுவினரே! இரங்கல் தீர்மானம் வேண்டா, படத்திறப்பு வேண்டா. கூட்டம் முடியும்வரையும் காத்திருக்க வேண்டா. நூல்நிலையத்தின் சாவியை இப்போதே என் கையில் கொடுங்கள். சீட்டுகளை இம்மாணவர்களும் நானும் அடுக்கிக்கொள்கிறோம்.