வீட்டில் ஒருவருக்கு இடம்

என் அருமைச் சண்டைக்காரிக்கு,

உன் தங்கையும் கைக்குழந்தையும் நலம்தானே? நாங்களும் நலம். பாப்பாவுக்கு இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஒன்று காதுக்கு மேலே நிற்கிறது, மற்றது கழுத்தில் தொங்குகிறது. "அப்பா, டீச்சரே சிரிக்கிறாங்க" என்கிறாள். சமையலறைக் குழாயும் இப்போது ஒழுகுவதில்லை.

இதற்கெல்லாம் இவனுக்கு ஏது நேரம் என்று நீ யோசிப்பாய். சொல்லிவிடுகிறேன்.

நம் சோப்பு ஆலைக்குப் புது மெஷின் வந்துவிட்டது. நாம் நாற்பது பேர் செய்த பேக்கிங்கை அது ஒன்றே செய்கிறது. இனி மூன்று மடங்கு சரக்கு போகும், ஆலை வளரும் என்று மேனேஜருக்கு ஒரே பூரிப்பு. அதைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் போதுமாம்.

என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்ல ஒருத்தருக்குத்தான் இடம். நீங்கதான் சீனியர், கையெழுத்துப் போடுங்க" என்றார்.

அந்த மெஷினில் இருக்கும் தொடுதிரையில் எதைத் தொடுவது என்றே எனக்குப் புரியவில்லை. நீயோ, பழைய மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் வருவதற்குள் ஓட வைத்துவிடுவாய்.

"அவதான் சார் இதுக்குச் சரிப்படுவா. அவளை வெச்சுக்குங்க."

"வீட்ல கேட்டீங்களா?"

"கேட்டா ஒத்துக்க மாட்டா சார். அதான் அவ ஊர்ல இல்லாதப்பவே சொல்றேன்."

தைரியமாகத்தான் வெளியே வந்தேன். பிறகு பூட்டைத் திறக்காமலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை உனக்குப் பயிற்சி. ஞாயிறே வந்துவிடு. எனக்கும் எங்காவது வேலை கிடைக்கும். அதுவரை அடுப்படி என் பொறுப்பு.

இப்படிக்கு,
இனிமேல் நிஜமாகவே
உன் வீட்டுக்காரன்