தலைகீழ் கடைக்கு வெயில் வருகிறது

ஆசை மச்சான் சலீமுக்கு,

நம் கடைக் கூரையில் சோலார் பேனல் போடப் போகிறோம். முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது. நீ இருந்திருந்தால், "இன்னாடா தேவா, வெயில்கிட்ட கூடவா வேல வாங்குவ?" என்று கேட்டிருப்பாய்.

நீ கண்ணை மூடிய பிறகு புதுப்பட்டினத்து ஆட்டோக்கள் ஒவ்வொன்றாக பேட்டரிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. ரிப்பேருக்கு வருகிறவர்கள், "சார்ஜ் ஏத்தித் தருவியா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இல்லை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். நமக்கு வருகிற கரண்டில் கம்ப்ரஸரை ஓட்டினாலே வெல்டிங் மெஷின் முனகுகிறது. இப்படியே விட்டால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். உன் பங்கை இப்போது உன் மனைவி மும்தாஜ்தான் பார்க்கிறாள். நாங்கள் இருவரும் செங்கல்பட்டிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண்ணை அழைத்து வந்தோம்.

அவள் கூரையைப் பார்த்ததுமே, "தெற்குச் சரிவுலதான் சார் போடணும், அங்கதான் வெயில் நல்லா விழும்" என்றாள். அந்தச் சரிவில்தானே நம் பேர் இருக்கிறது?

நினைவிருக்கிறதா? சாலையை உயர்த்திப் போட்டதில் கடை பள்ளத்துக்குப் போய், போர்டு யார் கண்ணிலும் படாமல் ஆனது. நீ பெயிண்ட் டப்பாவோடு கூரை உச்சியில் ஏறி உட்கார்ந்து, சரிவைப் பார்த்தபடி 'தேவா சலீம் ஆட்டோ ஒர்க்ஸ்' என்று பெரிதாக எழுதினாய். ரோட்டுக்கு வந்து பார்த்தால் மொத்தமும் தலைகீழ்! நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீ அசரவே இல்லை. "வுடு மச்சான், நேரா இருந்தா எவன் பாக்கப் போறான்?" என்றாய். நீ சொன்னதுதான் நடந்தது. இன்றும் பஸ் கண்டக்டருக்கு நம் இடம் 'தலகீழ் கடை'தான்.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். தெற்குப் பக்கத் தகரம் தாங்காது, வடக்கிலேயே போட்டுவிடு என்று அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னேன். அவளும் பிளானை மாற்றி அனுப்பினாள், கரண்ட் குறையும் என்ற குறிப்போடு. மும்தாஜ் அதைப் படித்துவிட்டாள்.

"தகரம் நல்லாதான கீது? யார ஏமாத்துற?"

"அவன் எழுத்தும்மா..."

"எனுக்கு மட்டும் ஆச இல்லியாண்ணே? கடையே போச்சுன்னா அந்தப் பேர எங்க மாட்டுவ?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மேல பேனல் வந்தா பெயிண்ட்டாவது வெளுக்காம கெடக்கும்."

நேற்று காலை அளவெடுக்க நானே ஏறினேன். உச்சியில் நீ உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். குனிந்து பார்த்தால், மச்சான், எல்லாம் நேராக இருந்தது. இத்தனை வருஷம் ரோட்டில் நின்று உன்னைக் கிண்டல் செய்தேனே, ஒரு தடவையாவது மேலே வந்து பார்த்தேனா? என் தாத்தாவும் அப்பாவும் உழுத எந்த நிலத்திலும் எங்கள் பேர் இருந்ததில்லை. நீ உன் அப்பா வாங்கிய இடத்தில் என் பேரை முதலில் எழுதியிருக்கிறாய். அதை நேராகப் படித்தபோது அங்கேயே அழுதுவிட்டேன்.

இறங்கியதும் இன்ஜினியர் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். தெற்கிலேயே போடுகிறோம். உப்புக்காற்றுக்கு பேனலை அடிக்கடி கழுவ வேண்டுமாம். அதை வேறு யாருக்கும் விடமாட்டேன், உன் இடத்தில் உட்கார்ந்து நானேதான் கழுவுவேன்.

இன்னொன்று. ரோட்டோரம் உயரமாகக் கம்பம் நட்டு புதுப் போர்டு வைக்கிறோம். தலைகீழாக எழுத முடியாது, தொழில் கெட்டுவிடும் என்கிறார் பெயிண்டர். போகட்டும், நானே எழுதுகிறேன். சத்தியமாகத் தலைகீழாகத்தான் எழுதுவேன். இந்த முறை உன் பேர்தான் முதலில்.

உன் பேருக்குப் பக்கத்திலேயே இருக்கும்
உன் மச்சான்,
தேவா