ஓவனுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை, இரவு

காலையில் என் மனைவி செல்வி எங்கள் பீட்சா கடையைக் கழுவி, ஓவனுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். எங்கள் விஜயநகர் ஏரியாவில் இன்று பொட்டு வைக்காத மெஷினே கிடையாது. மதியம் சொல்லாமல் கொள்ளாமல் எங்களுக்கு ஃபிராஞ்சைஸ் கொடுத்த கம்பெனியிலிருந்து, கடை சுத்தத்தைச் சோதிக்கிற ஆடிட்டர் வந்து நின்றார்.

"சமைக்கிற இடத்துல இதெல்லாம் கூடாது சார். துடைங்க, இல்லன்னா ரிப்போர்ட்ல எழுதிடுவேன்" என்றார் கன்னடத்தில். வெளியே அவர் பைக்கில் மாலை தொங்கியது. ஈரத்துணி எடுத்து நானே துடைத்தேன். இருந்தும் எழுதியிருப்பாரோ, தெரியவில்லை.

ஷட்டரை இறக்கும்போதுதான் செல்வி வாயைத் திறந்தாள். "ஹெப்பாள் ஃபேக்டரி வேலைய நீங்க விட்டது சொந்தக் கடைக்குன்னுதானே? பேரு அவங்களுது, மாவு அவங்களுது. நமக்குன்னு இங்க என்னங்க இருக்கு?"

கையில் இருந்த பூட்டைப் பார்த்தேன். அதற்கும் பொட்டு வைத்திருந்தாள். துடைக்காமல் பூட்டிவிட்டு வந்தேன்.