ஏழாம் எண்ணுக்குக் கஞ்சி

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் குறைந்தனவா? வடதுருவக் குளிர்காலம் என்பதால் இந்தத் தீவு வானிலை நிலையத்தில் நண்பகலும் இருட்டுதான்.

இங்கே வேலை செய்யும் எங்கள் மூவரின் படங்களையும் சேமித்து வைக்க ஒரு சர்வர் அமைத்தேன். வெளியார் நுழையாதபடி பூட்டிவிட்டு, உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணை முகவரியாகக் கொடுத்தேன். நம் தொழுவத்தில் கிறிஸ்துமஸ் கஞ்சி வைப்போமே, கண்ணில் படாமல் வீட்டைக் காக்கும் அந்தக் குள்ளன் நிஸ்ஸேவுக்கும் விளையாட்டாக ஏழாம் எண்ணை ஒதுக்கினேன்.

நேற்று ஒவ்வோர் எண்ணையும் அழைத்துச் சோதித்தபோது, எந்தக் கருவியும் இல்லாத ஏழிலிருந்து பதில் வந்தது. மற்ற கருவிகளையெல்லாம் அணைத்தேன். அப்போதும் வந்தது.

சமையல்காரர் டூர்பியோர்ன் சிரித்தார். "வீடு குடுத்தியே, கஞ்சி வெச்சியா தாயே? வெண்ணெய் போட மறந்துடாத. கோவிச்சுக்குவான்."

வெண்ணெய் தீர்ந்திருந்தது. வெறும் கஞ்சியை சர்வர் பக்கத்தில் வைத்துவிட்டு மூவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். திரும்பிப் போனபோது கிண்ணம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு டூர்பியோர்ன் சிரிக்கவில்லை.

பயப்படாதீர்கள். இங்கே கேட்டவுடன் எனக்குப் பதில் சொல்வது அந்த எண் ஒன்றுதான்.

அடுத்த கப்பலில் கம்பளிக் காலுறையும் வெண்ணெயும் அனுப்புங்கள். வெண்ணெயை மட்டும் நால்வருக்கென்று கணக்கிட்டு வாங்குங்கள்.

கப்பல் சங்கு ஊதிவிட்டது.

உங்கள்
ராக்ன்ஹில்ட்