அப்பாவிடம் மிஞ்சிய சொல்

சேலையூர்
ஞாயிறு காலை

அன்புள்ள அனு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்ற வரியை இந்த முறை எழுத முடியவில்லை. அப்பா வலது காலைக் கொஞ்சம் ஊன்றுகிறார், வலது கை இன்னும் வரவில்லை. வாரம் மூன்று நாள் அத்தை மகன் விக்கிதான் காரில் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறான். நீ அவனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றதில் அவனுக்குக் கோபமே இல்லை போலிருக்கிறது, எல்லாக் கோபமும் அப்பாவுக்குத்தான். அத்தை தினம் கஞ்சி கொண்டு வருகிறாள், குன்றத்தூர் முருகனுக்கு மொட்டை வேண்டியிருக்கிறாளாம். யார் தலைக்கு என்று கேட்டேன், உம் புருசனுக்குத்தான், எனக்கின்னா என்றாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததை எப்போது கவனித்தீர்கள் என்று நீ போனில் இரண்டு முறை கேட்டாய். சாயங்காலம் என்றேன். அது பொய் இல்லை, முழுவதும் உண்மையும் இல்லை. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன். முந்தின நாள் நான் உன்னோடு பேசியது தெரிந்து அப்பா சண்டை போட்டார், அவ பேரை இந்த வீட்ல எடுக்காதே என்று எட்டு மாதமாகச் சொன்னதையே சொன்னார். சண்டை என்றால் அவர் இரண்டு நாள் வாய் திறக்க மாட்டார், நானும் பேசாமல் காபியைப் பேப்பர் மேல் வைத்துவிட்டுப் போவேன், நீ பார்த்து வளர்ந்ததுதான். அன்று காலை ஏழரைக்கும் அப்படித்தான் வைத்தேன். வலது கையால் டம்ளரை எடுத்தார், விழுந்தது. என்னைப் பார்த்து வாயைக் கோணினார், சத்தம் வரவில்லை. வேண்டுமென்றே தட்டிவிட்டு முகம் காட்டுகிறார் என்று நினைத்தேன். பேசாட்டி போங்க, டம்ளர் என்ன பண்ணுச்சு என்று சொல்லித் தரையைத் துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

அன்று பதினொன்றாம் வகுப்புக்கு மூளைப் பாடம். இருபத்திரண்டு வருடமாக வரைகிற அதே நரம்புச் செல்லைப் பலகையில் வரைந்தேன், உடல், கிளைகள், நீண்ட வால். மூளையின் இடது பாதி வலது கையை ஆள்கிறது, பேச்சும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் என்றேன். இந்தச் செல்களுக்குக் கையிருப்பு கிடையாது, ரத்தம் நின்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய இருபது லட்சம் சாகும், செத்தது திரும்பாது என்றேன். தீபா என்ற மாணவி எழுந்து, மிஸ், அப்ப இடது பக்கம் அடைச்சுக்கிட்டா பேச்சு போயிடுமா என்றாள். நல்ல கேள்வி, பரீட்சைக்கு வரும், எழுதிக்கோ என்றேன். அப்போது மணி பத்தரை. இன்னும் நேரம் இருந்தது அனு. நாலரை மணி நேரத்துக்குள் கொண்டு வந்திருந்தால் அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நான் வீடு திரும்பியபோது மாலை ஐந்து, நாற்காலிக்குக் கீழே கிடந்தார். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், தெரியாது என்றேன். டம்ளரைப் பற்றி இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்று. போன வாரம் அப்பாவுக்கு ஒரு சொல் வந்தது. அனு. தண்ணீர் வேண்டுமென்றாலும் அனு, பாத்ரூம் போகவும் அனு, ஃபேனைக் காட்டியும் அனு. எட்டு மாசம் அடக்கி வச்சான், பாசம் எங்க பூடும் என்று அத்தை அழுகிறாள். அதெல்லாம் இல்லை, பேச்சுப் பகுதி கெட்டவர்களில் சிலருக்கு ஏதோ ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், எது தங்கும் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நான் டாக்டரைத்தான் நம்புகிறேன். நேற்று காபியை அவருடைய இடது கையில் கொடுத்து, அன்னைக்கு எனக்குப் புரியலைங்க என்றேன். என் முகத்தைப் பார்த்து அனு என்றார். நான் ம் என்றேன்.

என்மேல் கோபம் வந்தால் மறைக்காமல் எழுது, எங்களைப் போல் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. உனக்கு ஒரு குறையும் வராமல் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே. வீடியோவில் அப்பாவைக் கூப்பிடும்போது எப்படி இருக்கீங்க என்று கேட்காதே, தலையாட்டினால் போதும் என்கிற மாதிரி கேள். அவர் உன் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் என்னப்பா என்று கேட்டுவிடு. தண்ணீருக்காக இருந்தாலும்.

உன் அம்மா,
கோகிலவாணி