இசட்டுக்குக் கீழே பதினேழு வீடுகள்

செவாகோஃபே,
மே 12

யாய்ராவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். யாய்ராவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது, சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். கடலும் நலம்தான். தினமும் நம் குளியலறைச் சுவர் வரை வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. போனில் பேசினால் நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் வேன் ஓட்டுகிற சென்யோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே வறுத்த நெத்திலி. கோபம் வேறு, நெத்திலி வேறு.

காயலுக்கு அந்தப் பக்கம் கட்டிய புது வீடுகளுக்கான பட்டியலை நேற்றுப் பள்ளிக்கூடப் பலகையில் ஒட்டினார்கள். கரையோரக் குடும்பங்கள் நூற்றிருபது. கட்டி முடிந்த வீடுகள் நூற்று மூன்று. மேலிருந்து நூற்று மூன்று பேருக்கு ஜூலையில் சாவி. கீழே நிற்கும் பதினேழு பேர் அடுத்த வருஷம் வரை கடலோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நம் வீடு நூற்றுப் பதினான்கு.

அதை முதலில் பார்த்தது நானல்ல, என் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள். “டீச்சர், ங ஏன் இசட்டுக்குக் கீழ போய் உக்காந்திருக்கு? ஏதாவது தப்பு பண்ணிடுச்சா?” என்று ஒருத்தி கேட்டாள். பார்த்தால் பதினேழு பேரும், நம் மொழிக்காக ஆங்கில எழுத்துகளோடு சேர்த்த எழுத்துகளில் பெயர் தொடங்குகிறவர்கள். ட-வில் தொடங்கும் டேலா, ஆங்கில ‘என்’னின் காலை வளைத்து எழுதும் ங-வில் முழுப் பெயர் தொடங்கும் நான், உதட்டை ஊதிச் சொல்லும் வ-க்காரர்கள். ஆங்கிலத்தில் இல்லாத எழுத்து என்று எங்களை ஒரே மூட்டையாகக் கட்டிக் கடைசியில் போட்டிருக்கிறது உங்கள் மென்பொருள். ஆமாம், உங்களுடையதுதான். நம் மாவட்டத்துக்கு அதைச் செய்து கொடுத்தது என் கணவர் என்று நான்தான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ன, ஞ, ங என்று யாய்ராவை மடியில் வைத்துப் பாடியவர் நீங்கள். ங எங்கே வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? வீடு வீடாகப் போய், “உங்க பேரை உங்க எழுத்துலயே எழுதுங்க, வெட்கப்படாதீங்க” என்று எழுதி வாங்கியவள் நான். பிறந்த கிழமைக்கு வைக்கிற பெயரை எழுதினால் ஊரெல்லாம் கோஃபியும் அஃபியும்தான் வருவார்கள் என்று சொந்தப் பெயரைக் கேட்டு வாங்கினேன். இப்போது அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது? உடனே சரிசெய்யுங்கள்.

உங்கள்,
ஃபாஃபா

•

அக்ரா,
மே 20

அன்புள்ள ஃபாஃபாவுக்கு,

நெத்திலி கிடைத்தது. இரண்டு வேளைக்கு அக்ப்லே களியோடு வைத்துச் சாப்பிட்டேன். யாய்ராவின் பல்லைக் கூரை மேல் வீசினீர்களா? அவளுக்குச் செருப்பு அனுப்பியிருக்கிறேன், அளவு சரியா என்று சொல்.

கோபப்படாமல் படி. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ளே ஓர் எண் உண்டு. ஆங்கில எழுத்துகள் முதலில் வந்து சின்ன எண்களை எடுத்துக்கொண்டன. நம்முடையவை பிறகு வந்ததால் பெரிய எண்கள். எந்த மொழியின் வரிசை என்று சொல்லாவிட்டால், அது எண்ணைப் பார்த்துத்தான் அடுக்கும். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. பட்டியலில் மாவட்ட அலுவலகம் கையெழுத்துப் போட்டுவிட்டது. இனி அதை அசைக்க முடியாது. சரியாக அடுக்கினாலும் வேறு பதினேழு பேர் கீழே போவார்கள்தானே?

ஆனால் ஒன்று செய்யலாம். நம் வீட்டுக்குத் தலைவர் என்று உன் பெயரை எழுதியிருக்கிறாய். பதிவு செய்தபோதே என் பெயரைக் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. எலிகெம் என்று நான் இங்கிருந்தே திருத்திவிடுகிறேன். இருபத்தாறாவது இடம். ஜூலையில் நீயும் யாய்ராவும் காயல் தாண்டிவிடலாம். யாரிடமும் சொல்லாதே.

பிரியமுடன்,
எலிகெம்

•

செவாகோஃபே,
ஜூன் 2

யாய்ராவின் அப்பாவுக்கு,

செருப்பு ஒரு விரல் பெரிது. அடுத்த வருஷம் போட்டுக்கொள்வாள், கடல் விட்டுவைத்தால்.

உங்கள் யோசனையைப் படித்து எனக்கு வந்த கோபத்தில் சோளமாவு அடிப்பிடித்துவிட்டது. ஐந்து வருஷமாக இந்த வீட்டுக் கூரையை வேய்ந்தவள் நான். சுவரில் மணல் மூட்டை அடுக்கியவள் நான். தலைவர் நீங்களா? சரி, மானத்தை விடுங்கள். நான் உங்கள் பெயரின் ஈ எழுத்தில் ஏறி உட்கார்ந்தால் நூற்று மூன்றாவது ஆள் கீழே விழுவார். டேலா அங்கேயே கிடப்பார். நாளைக்கு அவரிடம் மீன் வாங்கப் போகும்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

டேலா என்னை விடவில்லை. மீன் புகை போடும் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டே பிடித்துக்கொண்டார். “ஏம்மா டீச்சர், என் பேரை வெறும் டி போட்டு எழுதுனப்ப நான் நடுவுல கௌரவமா இருந்தேன். நீ வந்து அதுக்கு வால் வச்ச. இப்ப வாலைப் புடிச்சுக்கிட்டே கடல்ல போறேன்.”

“அக்கா, எழுத்து மேல தப்பில்ல, அடுக்குனவங்க மேலதான் தப்பு.”

“அடுக்குனவன் உன் புருஷன்தானே?”

அவர் வீட்டுக்கும் அலைக்கும் நடுவே இப்போது பதினோரு அடி. நானே காலால் அளந்து பார்த்தேன்.

மறுநாள் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா நல்ல மனிதர்தான், ஆனால் களைத்துப் போனவர். “அம்மா, எப்படிப் பிரிச்சுக் குடுக்கறதுன்னு மேல யாருமே சொல்லல. பட்டியல் இருந்துச்சு, மேலேர்ந்து குடுத்தோம்,” என்றார். பிறகு ஏதோ யோசித்து இழுப்பறையைத் திறந்து, ஜனவரியில் உங்களிடமிருந்து வந்த முதல் பட்டியலை எடுத்து மேஜையில் போட்டார். இப்போது ஒட்டியிருப்பது மார்ச்சில் வந்ததாம்.

அதில் டேலா இருபத்து மூன்று. நான் எழுபத்தெட்டு. ன, ஞ, ங. அட்சரம் பிசகவில்லை.

முதலில் சரியாக இருந்ததை மார்ச்சில் மாற்றியது யார்? கணினிக்கு எண்தான் தெரியும் என்று எனக்குப் பாடம் நடத்தினீர்களே, உங்களுக்கு என்ன தெரியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு எப்படி என்று கேட்கிறீர்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

ஃபாஃபா

•

அக்ரா,
ஜூன் 11

ஃபாஃபாவுக்கு,

நான்தான் மாற்றினேன்.

முதலில் நம் மொழியின் வரிசைப்படி அடுக்கு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரே ஒரு வரிதான், ஒரு நிமிஷ வேலை. மார்ச்சில் ஒரு கூட்டம் நடந்தது. திரையில் நம் ஊர்ப் பட்டியல். மேலாளர் சிரித்துக்கொண்டே, “இதென்னப்பா, கால் வளைஞ்ச எழுத்தெல்லாம்? நடுவுல நிக்குது, தேடுனா கண்ணுலயே படல. எல்லாருக்கும் தெரிஞ்ச வரிசையில போடு,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “அது ஊர்ப்பக்கத்து எழுத்து சார், எடுத்துடறேன்,” என்றேன். அங்கேயே, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வரியை எடுத்தேன்.

அந்த வரிசைப்படி வீடு கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. தேடுவதற்கான பட்டியல் என்றுதான் நினைத்தேன். எழுத்து வரிசையில் யாராவது வீடு கொடுப்பார்களா?

ஆனால் இதை வெளியே சொன்னால் என் வேலை போய்விடும். பதினான்கு மாவட்டங்களுக்கு இதே மென்பொருள்தான் போயிருக்கிறது. எங்கள் நிறுவனம் என்னைத்தான் முன்னால் நிறுத்தும். கொஞ்சம் பொறு. அடுத்த திருத்தத்தில் யாருக்கும் தெரியாமல் அந்த வரியைத் திரும்பச் சேர்த்துவிடுவேன்.

என்னைப் புரிந்துகொள்.

எலிகெம்

•

செவாகோஃபே,
ஜூன் 26

யாய்ராவின் அப்பாவுக்கு,

அவர்கள் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. அவர்களுக்குத் தெரியாது, சிரித்தார்கள். நீங்கள் சிரித்ததுதான் வலிக்கிறது. அந்தக் கால் வளைந்த எழுத்தில்தான் என் பெயர் தொடங்குகிறது. கல்யாணத்துக்கு முன் எனக்கு எழுதிய கடிதங்களில் அந்த வளைவை எவ்வளவு அழகாக இழுத்து எழுதுவீர்கள்!

செவ்வாய்க்கிழமை வெள்ளத்தில் டேலாவின் அடுப்பு போய்விட்டது. இருபது வருஷம் புகை பிடித்த களிமண் அடுப்பு. அலை உள்வாங்கிய வேகத்தில் கரைந்து, தண்ணீர் கொஞ்ச நேரம் செம்மண் நிறமாக இருந்தது. அவர் அழவில்லை. கம்பி வலைகளை மட்டும் பொறுக்கி என் வாசலில் வைத்தார். இரண்டு நாளாக என் வீட்டில்தான் படுக்கிறார். என் வீடும் நீண்ட நாள் தாங்காது.

நேற்று ஊர்க்கூட்டத்துக்கு மாவட்ட அலுவலகத்துக் குமாஸ்தாவும் வந்திருந்தார். பட்டியல் பிசகிவிட்டது என்று செய்தவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதை ரத்து செய்யலாமாம். பிறகு எழுத்தும் வேண்டாம், எண்ணும் வேண்டாம், யார் வீட்டுக்கு அலை பக்கமோ அவர்களுக்கு முதலில் என்று போட அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டாம். சரியாக அடுக்கினாலும் வேறு பதினேழு பேர் கீழே போவார்கள் என்றீர்களே, அது நியாயமான பேச்சுதான். அதற்கும் இதுவே வழி.

எனவே நான் கேட்பது ஒன்றுதான். கூட்டத்தில் நடந்ததை எனக்கு எழுதியதுபோல் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். யாருக்கும் தெரியாமல் சேர்க்கிற வரி எங்களுக்கு உதவாது. சாவி கொடுக்கும் நாள் ஜூலை ஒன்பது. சென்யோ ஏழாம் தேதி உங்கள் வாசலுக்கு வருவார்.

கொடுங்கோல் அரசனிடமிருந்து நம் முன்னோர் தப்பி வர, நோட்சி நகரத்து மண்சுவரை நம் பெண்கள் எப்படி உடைத்தார்கள்? பாத்திரம் கழுவின தண்ணீரைத் தினமும் ஒரே இடத்தில் ஊற்றி ஊறவைத்தார்கள். நானும் ஒரே இடத்தில்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். இது கடைசிக் குடம். வேலை போனால் இங்கே வாருங்கள். உங்களுக்குச் சோறு போட என்னால் முடியும்.

உங்கள்,
ஃபாஃபா

•

காயலுக்கு அப்பால்,
ஜூலை 14

யாய்ராவின் அப்பாவுக்கு,

ஏழாம் தேதி சென்யோ வெறுங்கையோடு வந்தார். “போன தடவ நான் குடுத்த கடுதாசிய எடுத்தாரு அக்கா. என்னை எதிர்ல வச்சு இன்னொரு தடவ படிச்சாரு. மடிச்சுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டாரு. ‘அப்புறம் பாக்கலாம்’னு சொல்லச் சொன்னாரு,” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் தேதி காலையில் படகுத்துறையில் மேஜை போட்டுச் சாவி கொடுத்தார்கள். முதல் பெயர் அக்பென்யேகா. நூற்றிருபது வீட்டிலும் கடலுக்கு எட்டத்தில், தென்னை வரிசைக்குப் பின்னால் இருப்பவர். நான்கு பிள்ளைகளும் தூண் மாதிரி. கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கினார். வாங்கின கையோடு டேலாவின் மடியில் போட்டார்.

குமாஸ்தா பதறிப்போய், “ஐயா, பட்டியலை மாத்த முடியாது,” என்றார்.

“பட்டியலை யாரு மாத்தச் சொன்னா? அது பாட்டுக்குப் பலகையில தொங்கட்டும். நாங்க ஆளுதான் மாறிக்கிறோம்,” என்றார் அக்பென்யேகா. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “நோட்சியிலேர்ந்து வந்தப்ப யாருய்யா மொதல்ல வெளிய வந்தது? கிழவன் கிழவி, பொம்பளைங்க, புள்ளைங்க. திடமா இருந்தவன் கடைசியில, தடம் ஊருக்குள்ள போறாப்புல தெரியணும்னு பின்பக்கமாவே நடந்து வந்தான். இங்க திடமா இருக்கறவன் யாரு? முன்னால வா, பாக்கலாம்!”

அதற்குப் பிறகு வெட்கப்பட்டாவது வந்தார்கள். ஒருவன் முனகினான், அவன் மனைவி அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக் கொடுத்தாள். எண்ணிப் பதினேழு சாவி. இசட்டில் இருக்கிற ஸோர்மேலோ கூடத் தன்னுடையதை நீட்டினார். “கிழட்டு மனுஷா, நீ போ முதல்ல,” என்று எல்லோருமாகத் திருப்பிக் கொடுத்தோம்.

படகில் ஏறிய பிறகுதான் நான் அழுதேன். எங்கள் மூட்டைகளை ஏற்றிவிட்டு, அக்பென்யேகாவின் நான்கு பிள்ளைகளும் எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து கரையேறினார்கள். ஒருவன் கயிறு தடுக்கி விழுந்தான், யாய்ரா வாயைப் பொத்தாமல் சிரித்தாள். மணலில் அவர்கள் காலடி எல்லாம் படகைப் பார்த்தே பதிந்திருந்தது. தடத்தை மட்டும் பார்ப்பவர்கள், அவர்களும் எங்களோடு வந்துவிட்டார்கள் என்றுதான் சொல்வார்கள்.

அவர்களுக்கு நம் எழுத்து வரிசை தலைகீழாகத் தெரியாது. பாதிப் பேர் பள்ளிக்கூடமே போகாதவர்கள். ஆனாலும் யாரை முன்னால் விட வேண்டும் என்று தெரிந்திருந்தது. உங்களுக்கு எல்லாம் தெரியும். கணினிக்குக் கற்றுக்கொடுக்கவும் தெரியும்.

மாவட்ட அலுவலகத்தோடு எங்கள் மல்லுக்கட்டு முடியவில்லை. பதினேழு குடும்பங்கள் இன்னும் அக்கரையில் இருக்கின்றன. அவர்கள் வரும்வரை நான் விடப் போவதில்லை. மற்றப் பதின்மூன்று மாவட்டங்களின் ஆசிரியர்களுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன், அவரவர் பட்டியலின் அடியில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லி. உங்கள் பெயரை அதில் எழுதவில்லை. யாய்ராவின் அப்பா பெயரும் அதுதானே.

அவள் இனி உங்களுக்குத் தனியாக எழுதுவாள். ங எழுதும்போது காலை இடப்பக்கம் வளைப்பதற்குப் பதில் வலப்பக்கம் வளைக்கிறாள். சிரிக்காமல் திருத்துங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாவி மாற்றிக்கொண்டதற்கு நேற்று ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன், வளைவை நன்றாக இழுத்து. அதற்கு அடுத்த வரி, கணவர் பெயர். குமாஸ்தா காத்துக்கொண்டிருந்தார். நான் அந்த வரியை அடித்து எடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு வரிதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஙுட்டிஃபாஃபா